ஒரே உண்மைக்கு எத்தனை கொப்பி? இணையச் செயலிகளில் நிலையைப் பகிர்ந்த கதை

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிற இரவு பஸ்ஸுக்கு சீட் பதிகிற ஒரு இணையப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுவம். நடுவில் சீட் வரைபடம். மேலே, எத்தனை சீட் தெரிவு செய்திருக்கிறீர்கள் எண்டு காட்டுகிற ஒரு வரி. கீழே மொத்தத் தொகை, அதுக்குப் பக்கத்தில் காசு கட்டுகிற பட்டன். நீங்கள் ஒரு சீட்டைத் தொட்டால் இந்த நாலும் ஒரேநேரத்தில் மாற வேணும். வரைபடம் 3 சீட் எண்டும் மேல்வரி 2 எண்டும் காட்டினால் அந்தப் பக்கம் பொய் சொல்லுது. எது உண்மை எண்டு காசு கட்டப்போகிறவருக்குத் தெரியாது. சில வேளைகளில் அந்தப் பக்கத்தை எழுதியவருக்கும் தெரியாது.

இந்த நாலு துண்டுகளையும் இன்று கொம்பொனன்ட் எண்டு சொல்லுகிறோம். எந்த சீட் தெரிவாகியிருக்கு என்ற தகவலை ஸ்டேட், அதாவது நிலை, எண்டு சொல்லுகிறோம். ஒரு நிலையைப் பல கொம்பொனன்ட்கள் எப்படிப் பகிர்ந்துகொள்ளுவது என்ற கேள்விதான் கடந்த பதினைந்து ஆண்டுகளாக முன்முக இணைய நிரலாக்கத்தைப் பிடித்து ஆட்டுகிறது. இதுக்குப் பதிலாக வந்த நூலகங்களின் பெயர்களை வேலை விளம்பரங்களில் காண்கிறோம், நேர்முகத் தேர்வுக்காகப் பாடமாக்குகிறோம். ஆனால் அவை எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தவை எண்டு கனபேர் கேட்பதில்லை. கேள்வி தெரியாமல் விடையை மட்டும் படிக்கிறவருக்கு, அடுத்த வருசம் விடை மாறும்போது எல்லாத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். அதனால்தான் இந்த வரலாற்றை எழுதிப் பார்க்க நினைத்தோம்.

திரை ஒன்று, பார்வை பல

கதை இணையத்துக்கு முன்னமே தொடங்குகிறது. நோர்வே நாட்டவரான ட்ரிக்வே ரீன்ஸ்காக் 1978-79 காலத்தில் கலிபோர்னியாவிலுள்ள ஸெரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் விருந்தினராக இருந்தார். அங்கே ஸ்மோல்டோக் என்ற நிரல்மொழியும் ஜன்னல்களோடு கூடிய திரைகளும் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. ஒரே தகவலைப் பட்டியலாகவும் பார்க்கலாம், வரைபடமாகவும் பார்க்கலாம். அப்படியெண்டால் அந்தத் தகவலைப் பட்டியலுக்குள் வைப்பதா, வரைபடத்துக்குள் வைப்பதா?

இரண்டிலும் வேண்டாம் என்பதுதான் அவருடைய பதில். தகவல் தனியாக இருக்கட்டும். அதுக்கு மொடல் எண்டு பெயர். பார்க்கிறவை வேறாக இருக்கட்டும். அவற்றுக்கு வியூ எண்டு பெயர். பாவனையாளர் செய்வதை வாங்கிக் கொடுக்கிறதுக்குக் கொன்ட்ரோலர். 1979 டிசம்பரில் அவர் எழுதிய குறிப்பில் இந்த மூன்று பெயர்களும் நிலைபெற்றன. ஸ்மோல்டோக்கில் இது நடைமுறைக்கு வந்தபோது, மொடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற வியூக்கள் தங்களை அதனிடம் பதிவு செய்துகொண்டன. மொடல் மாறியதும், தான் மாறிவிட்டேன் எண்டு மட்டும் அறிவிக்கும். பதிந்தவை தாங்களாகவே வந்து புதுசை வாசித்துக்கொள்ளும்.

இந்தக் கட்டுரையில் பிறகு வருகிற எல்லாப் பெயர்களுக்கும் அடியில் இந்த ஏற்பாடுதான் கிடக்குது: உண்மை ஒரு இடத்தில், பார்ப்பவர்கள் பலர், மாற்றம் வந்தால் அறிவிப்பு. அப்ப ஏன் முப்பது வருசம் கழித்து இதை மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டி வந்தது?

பக்கம் மறந்துபோன காலம்

காரணம், இணையம் வேறு விதமாகப் பிறந்தது. ஒரு இணைப்பை அழுத்தினால் சேர்வர் முழுப் பக்கத்தையும் புதிசாகத் தயாரித்து அனுப்பும். அடுத்த அழுத்தலில் பழைய பக்கம் போய்விடும். எச்ரிரிபி என்ற நெறிமுறைக்கு ஞாபகசக்தி இல்லை. ஒவ்வொரு கோரிக்கையும் அதுக்கு முதல் சந்திப்புத்தான். வந்தவர் ஆர் எண்டு நினைவு வைத்திருக்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுலி குக்கி என்ற சின்னத் துண்டை உருவாக்கினார். உண்மை முழுக்க சேர்வரிடம் இருந்தது. பக்கம் என்பது அந்த உண்மையின் ஒரு புகைப்படம் மட்டும். புகைப்படத்தில் இருக்கிற நாலு துண்டுகளும் ஒரேநேரத்தில் எடுக்கப்பட்டவை, ஆகவே அவை ஒன்றுக்கொன்று முரண்பட வழியில்லை.

2004 ஏப்ரலில் ஜிமெயில் வந்தது. 2005 பெப்ரவரியில் கூகிள் மப்ஸ் வந்தது. பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே உள்ளே இருக்கிறது மாறியது. அதே மாதத்தில் ஜெசி ஜேம்ஸ் கரெட் இந்த முறைக்கு அஜாக்ஸ் எண்டு பெயர் வைத்தார். 2006இல் ஜோன் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி, திரையில் எதையும் பிடித்து மாற்றுகிறதை இரண்டு வரி வேலையாக்கியது.

இங்கேதான் புகைப்படம் உயிர்பெற்று அசையத் தொடங்கியது, சிக்கலும் தொடங்கியது. ஜேகுவெரி காலத்தில் சீட் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள விரும்பினால், மேல்வரியில் எழுதியிருக்கிற எழுத்தைப் படித்து, அதிலிருந்து எண்ணைப் பிரித்தெடுத்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுதுவோம். உண்மை எங்கே இருந்தது? திரையில். திரையே மொடல், திரையே வியூ. ஒரு சீட் தொடப்பட்டதும் எந்தெந்த இடத்தை மாற்ற வேணும் எண்டு நிரலாளர் கையால் ஒவ்வொன்றாக எழுத வேணும். ஐந்தாவதாக ஒரு துண்டு சேர்ந்தால், பழைய இடங்கள் எல்லாத்துக்கும் போய் அதையும் மாற்று எண்டு சேர்க்க வேணும். ஒன்றை மறந்தால் பக்கம் பொய் சொல்லும்.

2010: மொடல் திரும்பி வந்தது

2010இல் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் மூன்று பதில்கள் வந்தன. ஜெரமி அஷ்கனாஸின் பக்போன், ஸ்டீவ் சாண்டர்சனின் நொக்கவுட், மிஷ்கோ ஹெவரி முதலானோர் தொடங்கி கூகிள் வளர்த்தெடுத்த அங்குலர்ஜேஎஸ்.

பக்போன், ரீன்ஸ்காக்கின் யோசனையை ஜாவாஸ்கிரிப்ட்டுக்குக் கொண்டு வந்தது. மொடல் மாறினால் ஒரு நிகழ்வை ஒலிக்கும், வியூ கேட்டுக்கொண்டிருக்கும். நொக்கவுட், ஒவ்வொரு மதிப்பையும் கவனிக்கப்படக்கூடிய ஒரு சின்னப் பெட்டியாக மாற்றியது. பெட்டியை ஆர் வாசித்தார்கள் எண்டு அது தானே குறித்து வைக்கும். மதிப்பு மாறினால் அவர்களை மட்டும் எழுப்பும். அங்குலர் இருவழிப் பிணைப்பைத் தந்தது: பெட்டியில் எழுதினால் தரவு மாறும், தரவு மாறினால் பெட்டி மாறும். முதல் தடவை பார்த்தவர்களுக்கு அது மந்திரம் மாதிரித்தான் இருந்தது.

மந்திரத்துக்கு ஒரு விலை இருந்தது. ஒரு மொடல் மாற, அதைக் கேட்ட வியூ இன்னொரு மொடலை மாற்ற, அது மூன்றாவதை எழுப்ப, கடைசியில் முதலாவது திரும்பவும் மாறும். அங்குலர், ஏதாவது மாறியிருக்கா எண்டு எல்லாத்தையும் சுற்றிப் பார்க்கும். மாறியிருந்தால் இன்னொரு தடவை சுற்றும். 10 தடவை சுற்றியும் அடங்காவிட்டால், இனி ஏலாது எண்டு பிழைச்செய்தி போட்டு நிறுத்திவிடும். அந்த 10 என்ற எண்ணிலேயே விசயம் விளங்கும். மாற்றம் எங்கிருந்து தொடங்கி எங்கே முடியும் எண்டு அந்தக் கருவிக்கே தெரியாது.

ஒருவழிப் பாதை

2013 மே மாதம் பேஸ்புக் ரியாக்டைத் திறந்த மூலமாக வெளியிட்டது. ஜோர்டன் வோக் உருவாக்கியது. ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே எச்ரிஎம்எல் மாதிரி எழுதுகிற அதன் முறையைப் பார்த்துக் கனபேர் முதலில் சிரித்தார்கள். ஆனால் அதன் அடிப்படை யோசனை வேறு: நிலையைக் கொடுத்தால் திரை எப்படி இருக்க வேணும் எண்டு மட்டும் எழுது, எதை எதை மாற்றுவது எண்டு நான் பார்த்துக்கொள்ளுறன். தரவு மேலிருந்து கீழே, பெற்றோர் கொம்பொனன்ட்டிலிருந்து பிள்ளைக்குப் போகும். கீழிருந்து மேலே தானாகப் போகாது.

ஒருவகையில் இது பழைய சேர்வர் காலத்துக்கான திரும்புதல். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப் புகைப்படம், ஆனால் இந்தமுறை பிரவுசருக்குள்ளேயே.

நமது பஸ் பக்கத்தில் இதுக்கு அர்த்தம் என்ன? சீட் தெரிவை வரைபடத்துக்குள் வைத்தால் மேல்வரிக்கு அது தெரியாது. ஆகவே நாலுக்கும் பொதுவான பெற்றோரிடம் நிலையைத் தூக்கி வைக்க வேணும். ரியாக்ட் ஆவணங்களே இதை நிலையை உயர்த்துதல் எண்டு கற்பிக்கின்றன. சின்னப் பக்கத்துக்கு இது போதும். பெரிய செயலியில் பொதுப் பெற்றோர் எட்டுப் படி மேலே இருப்பார். இடையில் இருக்கிற ஏழு பேரும் தங்களுக்குத் தேவையில்லாத பொதியை அடுத்தவருக்குக் கைமாற்றிக்கொண்டே இருக்க வேணும்.

பேஸ்புக்குக்கு இதைவிடப் பெரிய தலையிடி ஒன்று இருந்தது. 2014இல் அவர்களுடைய எஃப்8 மாநாட்டில் ஜிங் சென் அதை விளக்கினார். மேலே, வாசிக்காத செய்தி ஒன்று இருக்கு எண்டு எண் காட்டும். அழுத்தினால் புதுசா ஒன்றும் இருக்காது. திருத்துவார்கள், கொஞ்ச நாள் சரியாக இருக்கும், பிழை திரும்ப வரும். செய்திப் பட்டியல், அரட்டைப் பெட்டி, மேலே உள்ள எண் எண்டு மூன்று இடங்கள் ஒரே உண்மையை வைத்துக்கொண்டு முரண்பட்டன.

அதுக்கு அவர்கள் முன்வைத்த ஏற்பாடு ஃப்ளக்ஸ். ஆரும் நிலையை நேரடியாக மாற்றக்கூடாது. என்ன நடந்தது எண்டு ஒரு அறிவிப்பை மட்டும் அனுப்பலாம். எல்லா அறிவிப்பும் ஒரே வாசலால் போகும். களஞ்சியங்கள் அதை வாங்கித் தங்களைத் தாங்களே மாற்றும். பிறகு திரை புதுப்பிக்கப்படும். ஒரு சுற்று முடியாமல் அடுத்தது தொடங்காது. வட்டமாக ஓடுகிற ஒருவழிப் பாதை.

ரிடக்ஸ்: விடை பாடத்திட்டமான கதை

ஃப்ளக்ஸைப் பின்பற்றி ஏராளமான நூலகங்கள் வந்தன. அவற்றில் நிலைத்தது ரிடக்ஸ். டான் அப்ரமோவ், அன்ட்ரூ கிளார்க் இருவரும் 2015இல் உருவாக்கினார்கள். அந்த வருசம் ஜூலையில் பாரிஸில் நடந்த ரியாக்ட் யூரோப் மாநாட்டில் அப்ரமோவ் செய்து காட்டியது காலப் பயணம். செயலியில் நடந்த ஒவ்வொரு செயலையும் பின்னோக்கி அழித்து, முன்னோக்கி மறுபடி ஓட்டலாம்.

இது எப்படி முடிந்தது? முழுச் செயலிக்கும் ஒரே களஞ்சியம். அதை வாசிக்கலாம், நேரடியாக எழுத ஏலாது. பழைய நிலையும் நடந்த செயலும் உள்ளே போனால் புதிய நிலை வெளியே வருகிற ஒரு சுத்தமான சார்புதான் மாற்றத்தைச் செய்யும். செயல்களின் பட்டியல் கையில் இருந்தால் எந்தக் கணத்தையும் திரும்பக் கட்டலாம். ஒரு கணக்குப்பிள்ளை கொப்பியில் எழுதினதை அழிக்காமல் புதுப் பதிவுகளை மட்டும் சேர்த்துக்கொண்டு போகிறது மாதிரி. எவன் சப்லிக்கி 2012இல் தன் பட்டப்படிப்பு ஆய்வாக உருவாக்கிய எல்ம் மொழியிலிருந்தும் இந்த யோசனைக்கு உரம் கிடைத்தது.

பிறகு நடந்ததுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. மிகப் பெரிய ஒரு நிறுவனத்தின் அரட்டைப் பெட்டிச் சிக்கலில் பிறந்த யோசனை, உலகம் முழுக்க ஒரு பாடத்திட்டமாகிவிட்டது. மூன்று பக்க இணையத்தளத்துக்கும் ரிடக்ஸ். ஒரு பட்டனைத் திறந்து மூட நாலு கோப்பு. வேலை விளம்பரத்தில் இருக்கு, ஆகவே படிக்க வேணும். எல்லாரும் படித்திருக்கினம், ஆகவே விளம்பரத்தில் போடலாம். 2016 செப்டம்பரில் அப்ரமோவே, உங்களுக்கு ரிடக்ஸ் தேவைப்படாமல் இருக்கலாம் எண்டு ஒரு கட்டுரை எழுதினார். கருவியைச் செய்தவரே அப்படிச் சொன்ன பிறகும் அதன் பரவல் நிற்கவில்லை. தொழில்நுட்பம் தகுதியால் மட்டும் பரவுவதில்லை. ஆர் செய்தது, ஆர் வேலை தருவது, எந்த மொழியில் பாடம் கிடைக்கிறது என்பவையும் சேர்ந்துதான் அதை எங்களிடம் கொண்டு வருகின்றன.

பிரிந்த கிளைகள்

எல்லாரும் அந்தப் பாதையில் போகவில்லை. அதே 2015இல் மிஷெல் வெஸ்ட்ஸ்ட்ராட்டவின் மொப்எக்ஸ், நொக்கவுட்டின் கவனிக்கப்படும் பெட்டிகளை ரியாக்டுக்குள் கொண்டு வந்தது. எவன் யூ 2014இல் வெளியிட்ட வியூ ஜேஎஸ் தொடக்கத்திலிருந்தே அந்த வழியில் நின்றது. அதன் களஞ்சியமாக முதலில் வியூஎக்ஸ், பிறகு பினியா.

ரியாக்டும் மாறியது. 2018 மார்ச்சில் புதிய கொன்டெக்ஸ்ட் வந்தது. இடையில் இருக்கிற ஏழு பேரைத் தாண்டி, மேலே வைத்ததைக் கீழே நேராக எடுக்கலாம். 2019 பெப்ரவரியில் ஹூக்ஸ் வந்தன. கனபேர் இனி ரிடக்ஸ் வேண்டாம் எண்டு கொன்டெக்ஸ்டுக்குள் எல்லாத்தையும் கொட்டினார்கள். ஆனால் கொன்டெக்ஸ்ட் ஒரு குழாய் மட்டும், தண்ணித்தொட்டி அல்ல. அதில் வைத்த மதிப்பு மாறினால் அதை வாசிக்கிற எல்லாக் கொம்பொனன்ட்டும் மறுபடி வரையப்படும், தனக்குத் தேவையான பகுதி மாறாவிட்டாலும். மொழி, நிறத் தோற்றம், உள்நுழைந்தவர் பெயர் போன்று அரிதாக மாறுகிறவைக்கு அது நல்லது. நொடிக்கு நொடி மாறுகிறதை அதில் வைத்தால் பக்கம் மூச்சு வாங்கும்.

அந்த இடைவெளியில் சுஸ்டான்ட், ஜோட்டாய் போன்ற சின்ன நூலகங்கள் வந்தன. முதலாவது ஜெர்மன் மொழியிலும் இரண்டாவது ஜப்பான் மொழியிலும் நிலை என்றே பொருள்படும். ரிடக்ஸும் 2019இல் டூல்கிட் என்ற பெயரில் தன் சடங்குகளைக் குறைத்துக்கொண்டது. 2020இல் பேஸ்புக்கிலிருந்தே ஆரவாரமாக வந்த ரீகோயிலின் களஞ்சியம் 2025 தொடக்கத்தில் மூடி வைக்கப்பட்டுவிட்டது. பெரிய பெயர் இருந்தால் நிலைக்கும் எண்டு நம்புகிறவர்கள் அதைக் கவனிக்க வேணும்.

அந்த நிலை எங்களுடையதா?

இந்தக் காலத்தில்தான் ஒரு முக்கியமான தெளிவு பிறந்தது. களஞ்சியத்தில் வைத்திருக்கிறதில் பெரும்பகுதி பிரவுசரின் நிலையே அல்ல; அது சேர்வரில் இருக்கிறதன் கொப்பி. 2019இல் வந்த எஸ்டபிள்யூஆர், டனர் லின்ஸ்லியின் ரியாக்ட் குவெரி ஆகியவை இதை வெளிப்படையாகச் சொல்லின. கொப்பியைக் கொப்பியாக நடத்து. எப்ப எடுத்தது, எப்ப பழசாகும், எப்ப திரும்பக் கேட்க வேணும் எண்டு பார். மூல உண்மை மாதிரி அதைக் கொண்டாடாதே.

பஸ் பக்கத்தில் இது நேரடியாகத் தெரியும். நீங்கள் எந்த சீட்டைத் தொட்டீர்கள் என்பது உங்கள் பிரவுசரின் உண்மை. அந்த சீட் இன்னும் காலியா என்பது அப்படியல்ல. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது கிளிநொச்சியில் ஒருவர் அதைப் பதிந்திருக்கலாம். எவ்வளவு வடிவான களஞ்சியம் வைத்திருந்தாலும் அது உங்களுக்குத் தெரியாது. சேர்வரிடம் கேட்டால்தான் தெரியும். எந்தத் திகதி, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்பவை முகவரிப் பட்டையில் இருக்க வேண்டியவை. இணைப்பை நண்பருக்கு அனுப்பினால் அவருக்கும் அதே பக்கம் திறக்க வேணும் அல்லவா? மொத்தத் தொகையோ எங்கேயும் சேமிக்கத் தேவையில்லை. சீட் எண்ணிக்கையை விலையால் பெருக்கினால் வந்துவிடும். சேமித்தால் இன்னொரு கொப்பி, இன்னொரு பொய்க்கான வாய்ப்பு.

இப்படிப் பிரித்துப் பார்த்தால், உண்மையில் பகிர வேண்டிய நிலையாக மிஞ்சுவது தெரிவு செய்த சீட்களின் பட்டியல் ஒன்றுதான். அதுக்குப் பொதுப் பெற்றோரே போதும்.

திரும்பிய வட்டம்

இப்ப எல்லாரும் கதைக்கிறது சிக்னல் பற்றி. ரயன் கார்னியாட்டோவின் சொலிட் ஜேஎஸ் அதைத் திரும்பக் கவனத்துக்குக் கொண்டு வந்தது. 2022இல் ப்ரியாக்ட், 2023இல் அங்குலர் எண்டு ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டன. 2024 ஏப்ரலில் அதை ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே சேர்க்கிற முன்மொழிவு, மொழியைத் தரப்படுத்துகிற குழுவின் முதற்கட்டத்துக்கு வந்தது. சிக்னல் என்றால் என்ன? ஆர் வாசித்தார்கள் எண்டு குறித்து வைத்து, மாறினால் அவர்களை மட்டும் எழுப்புகிற ஒரு பெட்டி. 2010இன் நொக்கவுட் ஞாபகம் வருகிறதா? அதுக்கும் பின்னால் 1979 நிற்கிறது.

வட்டம் எண்டு சொன்னாலும் அதே இடத்துக்குத் திரும்பியதாக நாங்கள் நினைக்கவில்லை. இடையில் படித்தவை இருக்கின்றன: பார்க்கிறவை தங்களுக்குள் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டிருந்தால் சங்கிலி முடியாது, கணக்கிடக்கூடியதைச் சேமிக்கக்கூடாது, சேர்வரின் உண்மையைத் தன்னுடையது எண்டு நினைக்கக்கூடாது. இந்தப் பாடங்களை ஒவ்வொரு தலைமுறையும் யாரோ ஒருவரின் உடைந்த பக்கத்திலிருந்துதான் பெற்றது.

வேலை தேடுகிற நண்பர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். நூலகத்தின் பெயரைப் படியுங்கள், வேண்டாமெண்டு சொல்லவில்லை. சோறு அதில்தான் இருக்குது. ஆனால் அடுத்த தடவை ஒரு பக்கத்தை எழுத முதல் ஒரு தாளில் நாலு கேள்வியை எழுதிப் பாருங்கள். இந்தத் தகவலின் மூலம் எங்கே இருக்குது? எத்தனை பேருக்கு அது தேவை? அதை மாற்றும் உரிமை ஆருக்கு? வேறொன்றிலிருந்து கணக்கிட ஏலுமா? இந்த நாலுக்கும் பதில் எழுதினவருக்கு எந்த நூலகம் வந்தாலும் இரண்டு நாளில் பிடிபடும். பதில் எழுதாதவருக்கு, நூலகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பக்கம் பொய் சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.